ஒன்பதாவது வார்டு பொன்னுத்தாயின் ஆட்சேபணை

செங்கான்விடுதியில் போய்ப் பொன்னுத்தாயைப் பற்றிக் குறை சொல்ல ஓர் ஆளைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத வைத்துத் தாலுகா ஆபீஸ் வரை கூடவே போவாள். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்களுக்காக அலையாய் அலைவாள். பிரசவ வலி என்று யாராவது வந்து நின்றால், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ஆட்டோவில் முதலில் ஏறி உட்காருவது அவள்தான். வயது நாற்பத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் முத்துராஜைக் கட்டிக்கொண்டு கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்தவள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறை. மகளிர் குழுத் தலைவியாக இருந்து, ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்று, ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஜெயித்தவள். இவ்வளவு நல்ல மனுஷிக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் வனிதா.

வனிதா வேறு யாரும் இல்லை. முத்துராஜின் தம்பி சந்தோஷின் மனைவி, பொன்னுத்தாய்க்கு ஓரகத்தி. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்தப் பெண்ணைப் பார்க்கப் போய், இவள்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதே பொன்னுத்தாய்தான். வாய் பேசாத பிள்ளை, நம் பேச்சுக்கு அடங்கி இருக்கும் என்று நினைத்தாள். பி.காம். படித்த பெண் நமக்குச் சரிப்படுமா என்று முத்துராஜ் இழுத்தபோது, "படிப்பு என்ன கடிக்கவா போகுது?" என்று அவன் வாயை அடைத்தவளும் அவளேதான். கடிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

தார்ரோட்டுக்கு இந்தப் பக்கம் செங்கான்விடுதி, அந்தப் பக்கம் ஓலைப்பட்டி. சந்தோஷ் ஓலைப்பட்டியில் உரக்கடை வைத்து, குடித்தனத்தையும் அங்கேயே மாற்றிக்கொண்டான். ஒன்றிய வார்டுக்கு அந்த ரோடுதான் எல்லை. இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் பத்து. போன உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வார்டும் பெண்களுக்கு என்று வந்துவிட, சந்தோஷ் வந்து தலையைச் சொறிந்தான். "மதினி, வனிதாவ நிக்க வைக்கலாமான்னு ஊருல கேக்குறாங்க." பொன்னுத்தாய்க்கு அப்போது மகிழ்ச்சிதான். கூட்டத்தில் நமக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கட்டுமே, நாம் கை தூக்கினால் அதுவும் தூக்கும் என்று நினைத்தாள். வேகாத வெயிலில் ஓலைப்பட்டியில் தெருத்தெருவாக நடந்து, "எனக்குப் போடுற மாதிரியே நெனச்சுக்கங்க" என்று ஓட்டுக் கேட்டுக் கொடுத்தாள். வனிதா ஜெயித்தாள். அதுவும் பொன்னுத்தாயைவிட இருநூற்றுச் சொச்சம் ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தாள். வயிற்றெரிச்சல் அன்றைக்கே, கழுத்தில் மாலையோடு நிற்கும்போதே பிடித்துக்கொண்டது.

ஒன்றியக் குழுக் கூட்டம் என்றால் ஏதோ சட்டசபை மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது எந்த ஒன்றியம் என்று பெயர் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது. பச்சைத் துணி விரித்த மேசை, சுற்றிலும் பதினைந்து கவுன்சிலர்கள், நடுவில் சேர்மன் ஆத்மநாதன், பக்கத்தில் பி.டி.ஓ., ஒரு மைக். ஜீப்புக்கு டீசல் போட்டது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றியது, தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் பார்த்தது, சிறுபாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் வைப்பது என்று நாற்பது, ஐம்பது பொருள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' என்று அச்சடித்திருக்கும். யாரும் பார்க்கவும் மாட்டார்கள், அனுமதிக்காமல் இருக்கவும் மாட்டார்கள். கிளார்க் ரகுநாத் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரிப்பார். வெறும் தாள். முதலில் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், தீர்மானத்தை அவர் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். "ஒன்னுலேர்ந்து நாப்பத்திரண்டு வரைக்கும் ஆல் பாஸ்தானே?" என்பார் ஆத்மநாதன். மேசையைத் தட்டுவார்கள். அப்புறம் வடையும் டீயும் வரும்.

ஆத்மநாதனுக்கு ஒரு பெருமை உண்டு. தன் காலத்தில் ஒரு தீர்மானம்கூட ஓட்டெடுப்புக்குப் போனதில்லை, எல்லாம் ஏகமனது என்று போகிற இடமெல்லாம் சொல்வார். யாராவது ஒருத்தர் முகம் சுளித்தால்கூடப் போதும், அந்தப் பொருளை ஒத்திவைத்துவிடுவார்.

பொன்னுத்தாய்க்கும் ஒரு பெருமை உண்டு. அந்தப் புத்தகத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. சீனியர் என்று ரகுநாத் அவளிடம்தான் முதலில் நீட்டுவார். கொட்டை கொட்டையாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பாள். அந்தத் தாளில் பிறகு என்ன எழுதப்போகிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் படித்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆபீஸ் தமிழ் அவளுக்கு ஓடாது. ஒரு வரியை மூன்று தடவை படித்தாலும், யார் யாரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விளங்காது. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் மனசு வராது.

வனிதாவுக்கு ஓடியது. இரண்டாவது கூட்டத்திலேயே பொருள் தாளில் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு வந்து, "சார், பதினேழாவது பொருள்ல எங்க வார்டு தெருவிளக்கு விட்டுப்போயிருக்கு" என்றாள். சத்தம் போடாமல், சிரித்த முகமாக. பி.டி.ஓ. நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருவிளக்கு வந்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஏறுமுகம்தான். சிமென்ட் ரோடு, நிழற்குடை, சத்துணவுக் கூடம் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. ஒரு வேலை முடிந்தால் அங்கே ஒரு கல் நடுவார்கள். சேர்மன் பெயருக்குக் கீழே அந்த வார்டுக் கவுன்சிலர் பெயர் இருக்கும். நாலரை வருஷத்தில் ஓலைப்பட்டிப் பக்கம் ஆறு கல்லில் வனிதாவின் பெயர் ஏறிவிட்டது. பொன்னுத்தாய்க்கு இரண்டே கல். ஒன்று தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று பொதுக் கழிப்பறை.

எரிந்தது அவளுக்கு. வனிதாவின் காட்டன் புடவை மடிப்பைப் பார்த்தால் எரிந்தது. அவள் மைக் இல்லாமலே பேசுவதைக் கேட்டால் எரிந்தது. "அக்கா, வடை சூடா இருக்கு, எடுத்துக்கங்க" என்று தட்டை நகர்த்துவாள் பாருங்கள், அதில் இன்னும் எரிந்தது. பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரும்புவார்கள். ஏறுகிறவர்கள் வனிதாவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, பிறகுதான் இவளைப் பார்ப்பார்கள். யார் யாரை முதலில் பார்த்தார்கள் என்பதை வீடு வரும் வரை எண்ணிக்கொண்டே வருவாள் பொன்னுத்தாய். நல்ல மனுஷிதான், ஆனால் எண்ணுவாள்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். நெல்லும் கடலையும் காயவைக்க ஒரு சிமென்ட் களம். செங்கான்விடுதியில் அறுப்பு முடிந்தால் ரோட்டில்தான் கொட்ட வேண்டும். பஸ் ஏறும், லாரி ஏறும், பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுந்து திட்டுவார்கள். கல்லும் தாரும் கலந்திருக்கிறது என்று வியாபாரி முகத்தைத் திருப்புவான். களம் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் இரண்டு தடவையும் ஓட்டு வாங்கினாள். அந்தக் களம் ஒருவழியாகப் பட்டியலில் ஏறியது. 'ஒன்பதாவது வார்டு, செங்கான்விடுதி, உலர்களம்' என்று அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரிய களம், பெரிய கல், அதில் பெயர். காலம் முடிவதற்குள் இது ஒன்று போதும் என்றிருந்தாள்.

அடுத்த மாதமே ஒன்றிய ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'உத்தேசிக்கப்பட்ட இடம் நீர்நிலைப் புறம்போக்கு என வருவதால், மாற்று இடம் தேர்வு செய்து உரிய சான்றுடன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' குளத்து நிலத்தில் கட்டக் கூடாது, வேறு இடம் காட்டு என்பதுதான் அதன் அர்த்தம். பொன்னுத்தாய்க்குப் பாதி புரிந்தது. களத்தைப் பற்றி என்னவோ கேட்கிறார்கள் என்பது வரைக்கும் புரிந்தது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் நேரே ரோட்டைத் தாண்டிப் போய், "இத என்னன்னு வாசிச்சுச் சொல்லு வனிதா" என்று நீட்டிவிடுவாள். இப்போது அவளிடமா? முத்துராஜுக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. ரகுநாத்தைக் கேட்டால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோகும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கடிதத்தை வைத்தாள். முக்கியம் என்றால் மறுபடியும் எழுதுவார்கள் என்று நினைத்தாள். மறுபடியும் எழுதினார்கள். அதையும் அங்கேயே வைத்தாள்.

ஐப்பசியில் கூட்டம் வந்தது. காலம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. கிளம்பும்போது, மகளிர் குழுவில் இருக்கும் பிரகதீஸ்வரி பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டாள். "மதினி, ஓலைப்பட்டிக்கு என்னமோ பெருசா வரப்போகுதாம். வனிதா வாங்கிட்டாளாம்." அவ்வளவுதான். ஏழாவது கல். போகிற வழியெல்லாம் பொன்னுத்தாய்க்கு ஜன்னல் காற்றுகூடச் சுட்டது.

ரகுநாத் புத்தகத்தை நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை. "மொதல்ல வாசிங்க தம்பி. ஒன்னு விடாம. அப்புறம் போடுறேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. ஆத்மநாதன் சிரித்துப் பார்த்தார். "என்னங்க கவுன்சிலரம்மா, இன்னைக்குப் புதுசா." பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. ரகுநாத் வாசித்தார். டீசலை வாசித்தார், பிளீச்சிங் பவுடரை வாசித்தார். வடை ஆறியது. இந்தப் பத்து வருஷத்தில் இப்படி ஒரு நாள் வாசிக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நல்லது நடந்திருக்கும், ஆனால் அதற்கெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. ஓலைப்பட்டி எங்கே வருகிறது என்று மட்டும்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தோராவது பொருளில் வந்தது. செங்கான்விடுதியில் இடம் கிடைக்கப்பெறாததால், சென்ற கூட்டத் தீர்மானப்படி ஓலைப்பட்டிக்கு மாற்றப்பட்ட உலர்களத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோர அனுமதி.

"எந்தக் களம்?" என்றாள் பொன்னுத்தாய்.

ரகுநாத் புத்தகத்தைப் பின்னால் புரட்டி, புரட்டாசிக் கூட்டத்துப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். மேலே நீளமாக எழுதியிருந்தது. கீழே முதல் கையெழுத்து அவளுடையது. கொட்டை கொட்டையாக, அடியில் கோடு போட்டு. தன் களத்தைத் தானே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வனிதாதான் எழுந்தாள். "அக்கா, ஒங்களுக்கு ரெண்டு லெட்டர் போச்சாம். பதில் வரலன்னு பி.டி.ஓ. சார் சொன்னாரு. வேற யாராச்சும் எடம் காட்டலன்னா பணம் திரும்பிப் போயிரும்னாரு. எங்ககிட்ட சர்டிபிகேட்டோட எடம் இருந்துச்சு, அதான் கேட்டேன். ரோட்டத் தாண்டுனா களம்க்கா. நம்ம ரெண்டு ஊருக்கும் ஆகும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

"மூணு தடவ வீட்டுக்கு வந்தேன்க்கா. நீங்க பேசவே இல்லையே."

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் வேலை இருக்கிறது என்று கொல்லைப் பக்கம் போய்விட்டவள் பொன்னுத்தாய். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. தப்பு தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் சிலருக்கு அடங்கும், அவளுக்கு ஏறியது.

ஆத்மநாதன் மைக்கை மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "யோசிச்சுச் சொல்லுங்க கவுன்சிலரம்மா. ஏகமனதா இல்லன்னா நான் ஒத்திவச்சிருவேன், ஒங்களுக்கே தெரியும். ஒத்திவச்சா இந்த மாசத்தோட பணம் போச்சு. அப்புறம் நமக்கே காலம் முடியுது. ஒங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்லன்னு ஆயிரும்."

எல்லாம் புரிந்தது. ஆபீஸ் தமிழ் இல்லை இது, நல்ல தமிழ். ரோட்டைத் தாண்டினால் களம் என்பதும் புரிந்தது. பிரகதீஸ்வரி முதல் எல்லோரும் அங்கேதான் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அங்கே நிற்கிற கல்லில் வனிதா பெயர் இருக்கும். வருஷா வருஷம், அறுப்புக்கு அறுப்பு, தன் ஊர்ச் சனம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னும்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குங்க" என்றாள். "எழுதிக்கங்க."

ஆத்மநாதன் அந்தப் பொருளை ஒத்திவைத்தார். வனிதா ஃபைலை மூடினாள்.

அன்றைக்குப் பொன்னுத்தாய் அடுத்த பஸ்ஸில் தனியாக வந்தாள். வருகிற வழியில் அரை கிலோ காராச்சேவு வாங்கினாள், முத்துராஜுக்குப் பிடிக்கும் என்று. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் பிரகதீஸ்வரி களத்தைப் பற்றிக் கேட்டபோது, கூசாமல் சொன்னாள். "நமக்கு வந்த களத்த வனிதா அங்கிட்டு மாத்திக்கிட்டா. நான் என்னா பண்ணட்டும்." தன் ஆட்சேபணையைப் பற்றி ஒரு எழுத்துச் சொல்லவில்லை.

சந்தோஷ் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். என்ன பதில் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தாள். சந்தோஷ் வந்தான். வழக்கம்போல, "மதினி, யூரியா வந்திருக்கு, ரெண்டு மூட்டை ஒதுக்கி வைக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கட்டிய புருஷனிடம்கூட வனிதா சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் எல்லோருக்கும் பதவிக் காலம் முடிந்தது. தை பிறந்து அறுப்பு வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் நெல். செங்கான்விடுதி இங்கிட்டு, ஓலைப்பட்டி அங்கிட்டு. பொன்னுத்தாயும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். பத்து மணிவாக்கில் ஒரு டூவீலர் நெல்லில் வழுக்கி, ஓட்டிவந்தவருக்கு முழங்கை பெயர்ந்தது. போலீஸ் ஜீப் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ரோட்டில் ஒரு மணி நெல் இருக்கக் கூடாது என்றார்கள். பாதி காய்ந்த நெல்லை எல்லோரும் அள்ளிச் சாக்கில் போட ஓடினார்கள். வனிதாவும் தன் பக்கத்து நெல்லை அள்ளிக்கொண்டிருந்தாள்.

பிரகதீஸ்வரிக்குத் தாங்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய் வனிதா முன்னால் நின்றாள். "ஏத்தா, எங்களுக்கு வந்த களத்த நீதானே மாத்திக்கிட்ட. சரி, மாத்துன. மாத்துனவ கட்டுனியா? எங்களுக்கும் இல்லாம, ஒங்களுக்கும் இல்லாம இப்படி நடுரோட்டுல அள்ள விட்டுட்டியே. படிச்ச புள்ளன்னு தூக்கி வச்சுக் கொண்டாடுனாக. எங்க மதினி கையில இருந்திருந்தா இந்நேரம் களம் வந்திருக்கும்."

அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அஞ்சு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தானே பொன்னுத்தாய் ஏங்கினாள். வனிதாவை ஒருத்தி திட்ட வேண்டும், அதே வாயால் தன்னைப் புகழ வேண்டும். இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவளுக்குக் கையிலிருந்த சாக்கு நழுவியது.

வனிதா ரோட்டின் குறுக்கே ஒரு தடவை பொன்னுத்தாயைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். 'ஒங்க மதினியக் கேளுங்க' என்று சொன்னால் போதும். பொன்னுத்தாய் அதற்காகக் காத்து நின்றாள். சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"என்னால முடியலக்கா" என்றாள் வனிதா பிரகதீஸ்வரியிடம். "எப்படியும் வாங்கிரலாம்னு நெனச்சேன். தப்புத்தான்." சொல்லிவிட்டுக் குனிந்து, பிரகதீஸ்வரியின் சாக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்து நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். வயலிலிருந்து வந்த முத்துராஜ் பார்த்துப் பதறிப்போனான். நெல் நனைந்துவிட்டதா, போலீஸ் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான். அவள் பீரோவைத் திறந்து இரண்டு கடிதத்தையும் எடுத்து அவன் முன்னால் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தை ஒளித்ததைச் சொன்னாள், ஆட்சேபணையைச் சொன்னாள், பிரகதீஸ்வரியிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

முத்துராஜ் இரண்டு கடிதத்தையும் எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தான். "அவகிட்டப் போயி ஒரு வார்த்த பேசிட்டு வா" என்றான்.

"போறேன். போகாம?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை, எரிச்சலும் நிற்கவில்லை. "ஆனா ஒன்னு கேளுங்க. அவ எடத்துல நான் இருந்திருந்தா, அத்தன பேரு முன்னாடியும் போட்டு ஒடச்சிருப்பேன். அவ வாயத் தொறக்கலங்க. படிப்பு அவளுக்கு, பேச்சு அவளுக்கு, கல்லுல பேரு அவளுக்கு. இதுவுமாங்க அவளுக்கே வரணும்?"